மைனியின் மசக்கையில் நான் சாப்பிட்டது

எங்கள் வீட்டில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தாராவியில் இட்லி அவித்து விற்கிற வீடு அது. விடிவதற்கு முன்பே கீழறையில் ஆவி கிளம்பிவிடும். ஆட்கள் வந்து பெரிய அலுமினியப் பாத்திரங்களை நிரப்பிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மாட்டுங்கா, ஆண்டாப் ஹில் என்று பிரிந்து போவார்கள். அப்பாவும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் போவார்கள். அம்மா அடுப்பை விட்டு நகரமாட்டாள். பசித்தவர்கள் பசித்த நேரத்தில் ஒரு தட்டை எடுத்து நின்றபடியே தின்றுவிட்டுக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை என்று பார்க்க அங்கே யாருக்கும் நேரம் கிடையாது.

அதனால்தான் நான் சாப்பிடுவதை விட்டது ரொம்ப நாள் வரை வெளியே தெரியவில்லை.

அது இப்படி ஆரம்பித்தது. ஊரடங்கு முடிந்து ஆபீஸ்கள் திறந்த வருஷம் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. செம்பூரில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் அப்போது எனக்கு வேலை. எண்ணெய் கூடாது, புளி கூடாது என்று பத்தியம் இருந்து, உடம்பு தேறி வேலைக்குத் திரும்பியபோது நான் பாதியாகியிருந்தேன். என்னோடு வேலை செய்த பெண்கள் சுற்றி நின்றுகொண்டு, "அரே, கித்னி ஸ்லிம் ஹோ கயி!" என்றார்கள். என்ன சாப்பிடுகிறாய், எப்படிக் குறைத்தாய் என்று ஒவ்வொருத்தியும் கேட்டாள். காமாலை என்று சொன்னேன். சிரித்தார்கள். அதுவரை என்னை யாரும் அப்படித் திரும்பிப் பார்த்ததில்லை.

காமாலை போய்விட்டது. பத்தியத்தை நான் விடவில்லை. எண்ணெயோடு சேர்ந்து தேங்காய் போயிற்று, பிறகு சோறு, பிறகு இட்லி. அம்மா கட்டிக் கொடுக்கும் டப்பாவை யாருக்காவது கொடுத்துவிட்டு வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொண்டுவருவேன். நாள் முழுக்க மனம் சாப்பாட்டையே சுற்றிக்கொண்டிருக்கும். எதைத் தின்னாமல் இருந்தேன், நாளை எதைத் தின்னாமல் இருப்பேன் என்பது தவிர வேறு நினைப்பு இல்லை. சில நாள் மதியத்தில், வீட்டில் எல்லாரும் அசந்து தூங்கும்போது, விற்காமல் திரும்பி வந்த ஆறிப்போன இட்லிகளை நின்றபடி வயிறு வலிக்கும்வரை தின்றிருக்கிறேன். அதற்குத் தண்டனையாக அடுத்த நாள் சாப்பாடே கிடையாது. இப்போது நினைத்தால் அந்தப் பெண் வேறு யாரோ போலத்தான் தெரிகிறாள். அவள்மேல் எனக்குக் கோபமும் இல்லை, பெரிய பரிதாபமும் இல்லை.

தலைமுடி கொத்தாகக் கழன்றது. மாதவிலக்கு நின்றுபோனது. பம்பாயின் மே மாதத்தில் எனக்குக் குளிர்ந்தது. ஒரு நாள் காலை பஸ் பிடிக்கப் போகையில் சயான் ஸ்டேஷன் படியில் மயங்கி விழுந்தேன். விழித்தபோது ஒரு மராத்திக்காரப் பெண்மணி தன் மடியில் என் தலையை வைத்துக்கொண்டிருந்தார். இன்னொருத்தி குளுக்கோஸ் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்து என் வாயருகே நீட்டினாள். நெற்றி உடைந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. ஆனாலும் எனக்கு முதலில் தோன்றியது, இந்த பிஸ்கட்டை எப்படி வேண்டாம் என்று சொல்வது என்பதுதான்.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம், நெஞ்சு என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அம்மா அந்தக் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள்.

"எம் பிள்ளைக்கு என்ன கிறுக்கா?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, ஊருக்கெல்லாம் அவிச்சுப் போடுத வீட்டுல பொறந்துட்டு உனக்கு என்ன நக்ரா? நாங்க பாக்குத தொழிலு உனக்குக் கேவலமாப் போச்சு, அதான?"

பிகு பண்ணுவதைச் சொல்ல அம்மாவிடம் தமிழ்ச் சொல் கிடையாது. பம்பாய்க்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு அது நக்ராதான். தொழிலைப் பற்றி அவள் சொன்னது உண்மையில்லை. ஆனால் எது உண்மை என்று சொல்ல எனக்கும் தெரியவில்லை.

டாக்டர் என்னைவிடச் சில வயதே மூத்த பெண். தமிழ் தெரியாது. ஆனால் அம்மா சொன்னதில் அந்த ஒரு சொல் அவர் காதில் விழுந்திருந்தது. அம்மாவைத் தன் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, "நக்ரா நஹீ ஹை, மௌசி. பீமாரி ஹை," என்றார். இது பிகு இல்லை, நோய்.

"காமாலை மாதிரியா?" என்று அம்மா இந்தியில் கேட்டாள்.

"அது மாதிரிதான். நாளாகும். குணமாகும்."

நோய் என்றதும் அம்மாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. நோய் அவளுக்குப் பழக்கமான விஷயம். உடனே அடுத்த கேள்வியைக் கேட்டாள். "அப்படின்னா பத்தியம் என்ன?"

பத்தியமே கூடாது என்றார் டாக்டர். மூன்று வேளையும், நடுவில் இரண்டு தடவையும் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். தனியாக அல்ல, யாராவது கூட உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாப்பிடும்போது சாப்பாட்டைப் பற்றியோ உடம்பைப் பற்றியோ யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. மாத்திரை எழுதிக் கொடுத்தார். வாரத்துக்கு ஒருமுறை ஆலோசகரிடம் பேச வரச் சொன்னார்.

டாக்ஸியில் திரும்பும்போது அம்மா மாத்திரைச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசியில், "சோத்தப் பத்திப் பேசாம சோறு போடணுமாம்லா. பொறவு என்னத்தப் பேச?" என்றாள். அவள் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

கூட உட்கார முதலில் அப்பா முன்வந்தார். பாவம், உட்கார்ந்து சாப்பிட்டுப் பழக்கமில்லாத மனிதர். நான் சோற்றைப் பிசைந்து முடிப்பதற்குள் அவர் தட்டு காலியாகிவிடும். அதற்குப் பிறகு என் தட்டைப் பார்க்கக் கூடாது என்று சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அம்மா உட்கார்ந்தால் பேசமாட்டாள். ஆனால் என் ஒவ்வொரு வாய்க்கும் அவள் தொண்டை ஏறி இறங்கும். ஒரு வாரம் போல அப்படி நடந்தது. சாப்பாட்டு நேரம் வந்தாலே மூன்று பேருக்கும் வேர்த்தது. நான் பாதியில் எழுந்துவிடுவேன்.

மைனி எப்படி இதற்குள் வந்தாள் என்பதைச் சொல்ல வேண்டும். அண்ணனுக்கும் மைனிக்கும் கல்யாணமாகி அப்போது நாலைந்து மாதம் ஆகியிருந்தது. மைனி பம்பாயிலேயே சீத்தா கேம்ப்பில் பிறந்து வளர்ந்தவள். என்னைவிட ஒரு வயது இளையவள். வந்த நாளிலிருந்து மாவு, சட்னி, பாத்திரம் என்று எல்லாவற்றிலும் கைகொடுத்துக்கொண்டிருந்தாள். எங்களுக்குள் அதிகப் பேச்சு இருந்ததில்லை. நான் அப்போது யாரோடும் பேசுகிற நிலையில் இல்லை.

ஒரு நாள் காலை இட்லி அவிக்கிற கொப்பரையின் மூடியைத் திறந்தபோது மைனி வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். உண்டாகியிருக்கிறாள் என்று அன்றைக்குத் தெரிந்தது. வீட்டில் ஒரே சந்தோஷம். ஆனால் அவளுக்கு ஒத்துக்கொள்ளாதது இட்லி ஆவியின் வாடை. எங்கள் வீட்டில் அந்த வாடை இல்லாத நேரம் கிடையாது. தொழிலையும் நிறுத்த முடியாது. அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. கடைசியில், இரும்பு ஏணி ஏறிப் போகிற மேலறைக்கு அவளை மாற்றினார்கள். அது என் அறை. பக்கத்துச் சந்தில் சோப்பு காய்ச்சுவார்கள். ஜன்னலைத் திறந்தால் அந்த வாடை உள்ளே வரும். எங்களுக்கெல்லாம் தலைவலி கொடுக்கிற அந்த வாடைதான் மைனிக்குப் பிடித்திருந்தது. ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு இழுத்து இழுத்து மூச்சு விடுவாள்.

நான் சம்பளமில்லாத லீவில் வீட்டில் இருந்தேன். மைனிக்குச் சாப்பாடு மேலே வந்தது. எனக்கும் அதோடு சேர்த்து மேலே அனுப்பிவிடலாம் என்று அம்மா முடிவு செய்தாள். ஏணி ஏற அவளுக்கு மூட்டு வலி. அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வேறு யோசனை எதுவும் அதில் இல்லை.

முதல் மதியம் இரண்டு தட்டுத் தயிர்ச்சோறு வந்தது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். இருவராலும் முடியவில்லை. சோறு ஓரங்களில் காய ஆரம்பித்தது.

"நீ ஒரு வாய் தின்னா நானும் ஒரு வாய் திங்குதேன்," என்றாள் மைனி.

"எனக்கு முடியல மைனி."

"எனக்கு மட்டும் முடியுதாக்கும்?" என்று கேட்டுவிட்டு ஒரு வாய் போட்டுக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். நானும் ஒரு வாய் போட்டேன். அவள் இரண்டாவது வாய்க்கே வாளியைத் தேடி ஓடினாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். திரும்பி வந்து மறுபடியும் தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. உள்ளே போன சோறு உள்ளேயே தங்கிவிடுமே என்பதுதான் என் பயம். தங்கமாட்டேன் என்கிறதே என்பது அவள் அழுகை. அவள் வயிற்றில் ஒரு கவளம் நின்றால், கீழே இருக்கிற எல்லாருக்கும் நிம்மதி.

டாக்டர் சொன்ன எந்த விதியும் மைனிக்குத் தெரியாது. ஆனால் அவள் ஒன்றையும் மீறவில்லை. சாப்பாட்டைப் பற்றிப் பேசினாலே அவளுக்குக் குமட்டும் என்பதால், சீத்தா கேம்ப் பள்ளிக்கூடத்தில் தான் அடித்த லூட்டிகளையும், கோபர்கைரனேயில் இருக்கும் தன் சித்தி வீட்டு நாய் பால்கார பையாவைக் கடித்ததையும் சொல்லிக்கொண்டிருப்பாள். என் தட்டை அவள் பார்ப்பதே இல்லை. தன் தட்டோடு போராடவே அவளுக்குச் சரியாக இருந்தது.

பொறாமையும் எனக்கு இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். "உனக்கு என்ன வேணும்மா, எதைத் திங்கணும்போல இருக்கு?" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை அவளைக் கேட்டார்கள்! மாட்டுங்கா மார்க்கெட்டிலிருந்து அவளுக்கு நாரத்தங்காய் வந்தது, பனங்கற்கண்டு வந்தது. என்னை யாரும் அப்படிக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குப் பதில் கிடையாது. ஏதாவது ஒன்றைத் தின்ன வேண்டும் என்று ஆசைப்படுவதே எனக்குள் செத்துப்போயிருந்தது. பசி வரும், வெறி வரும், பயம் வரும். ஆசை வராது.

அது வந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆலோசகரைப் பார்த்துவிட்டுப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். கோலிவாடா பக்கம் சிக்னலில் பஸ் நின்றது. காய்ந்த பொம்பில் வாடை வந்தது. பம்பாய்க் கடலின் மீன் அது. எங்கள் வீட்டில் அதன் கருவாட்டைத் திருநெல்வேலிப் பக்கத்துப் பக்குவத்தில் கத்திரிக்காய் போட்டுப் புளிக்குழம்பு வைப்பார்கள். எனக்கு நாக்கின் ஓரத்தில் நீர் ஊறியது. அதை ஒரு செய்தி சொல்வதுபோலத்தான் மைனியிடம் சொன்னேன்.

"மைனி, எனக்குப் பொம்பில் கொளம்பு திங்கணும்போல இருக்கு."

"அத்தகிட்ட சொல்லு."

"சொல்லமாட்டேன்."

"ஏன்?"

நான் ஒன்றைக் கேட்டால் அம்மா அழுவாள். பிறகு சித்திக்கும் பெரியம்மாவுக்கும் போன் போட்டுச் சொல்வாள். நான் தின்று முடிக்கும்வரை ஏணியடியில் நின்றுகொண்டிருப்பாள். இதையெல்லாம் சொன்னேன். மைனி எழுந்து ஏணி முனைக்குப் போய்க் குனிந்து கத்தினாள்.

"அத்தே! எனக்குப் பொம்பில் கொளம்பு வேணும்போல இருக்கு!"

அரைமணி நேரத்தில் அண்ணன் கருவாட்டோடு வந்துவிட்டான். குழம்பு கொதித்து அதன் வாடை மேலே ஏறியதும் மைனி துப்பட்டாவால் மூக்கை இறுகக் கட்டிக்கொண்டாள். அவளுக்குக் கருவாட்டு வாடையே ஆகாதாம். அதற்குமுன் எனக்கு அது தெரியாது. இரண்டு தட்டு வந்தது. தன் தட்டிலிருந்த குழம்பையும் என் தட்டில் வழித்துக் கொட்டிவிட்டு, ஜன்னலோரம் போய்ச் சோப்பு வாடையில் முகத்தை வைத்துக்கொண்டு, "தின்னு, சீக்கிரம் தின்னு, எனக்கு வருது," என்றாள்.

நான் தின்றேன். முள்ளைக்கூடச் சப்பினேன்.

தின்று முடித்ததும் வழக்கமான பயம் வந்தது. என் முகத்தில் என்ன தெரிந்ததோ, மைனி என் முன்னால் வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். "தலை பின்னி விடு. ரெட்டைப் பின்னலு," என்றாள். அவள் தலைமுடி இடுப்புக்குக் கீழே வரும். சிக்கெடுத்து, வகிடெடுத்துப் பின்னி முடித்தபோது பயம் முழுசாகப் போகவில்லை. ஆனால் தாங்கிக்கொள்கிற அளவுக்குக் குறைந்திருந்தது. அது அப்படிக் குறையும் என்று ஆலோசகர் பலமுறை சொல்லியிருந்தார். அன்றைக்குத்தான் நம்பினேன்.

அதற்குப் பிறகு மைனிக்கு நிறைய மசக்கை வந்தது. உளுந்தங்களி கேட்டாள், சொதி கேட்டாள், தெருமுனை வடாபாவ் கேட்டாள். சில அவளுடையவை, சில என்னுடையவை. எல்லா நாளும் நன்றாகப் போயிற்று என்று சொல்லமுடியாது. தட்டைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த நாட்கள் உண்டு. ஆறின இட்லியைத் தேடி இறங்கிய மதியங்களும் உண்டு. நேரத்துக்குச் சாப்பிடச் சாப்பிட அந்த வெறி குறையும் என்று டாக்டர் சொன்னார். குறைந்தது. மாதவிலக்கு திரும்ப வந்தது. பாதி நாள் வேலைக்குப் போக ஆரம்பித்தேன்.

ஏழாம் மாதம் வளைகாப்பு நடத்தினார்கள். சந்து முழுக்க ஷாமியானா. கலவைச் சாதங்கள் அண்டா அண்டாவாக. எனக்கு அந்தக் கூட்டத்தில் சாப்பிடுவது பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கை கழுவும் இடத்தில் ஒரு பெரியம்மா என் கன்னத்தைக் கிள்ளி, "நல்லாத் தேறிட்டியே ஏளா! கன்னம்லாம் வச்சு, பூசினாப்புல ஆயிட்ட," என்றார். அன்போடுதான் சொன்னார். எனக்கு அது அடி விழுந்தது போல இருந்தது. அன்று சாயங்காலமே மைனியைச் சீத்தா கேம்ப்புக்கு அழைத்துப் போனார்கள். மேலறையில் நான் தனியாக இருந்தேன்.

மறுநாளிலிருந்து டப்பா திறக்கப்படாமல் திரும்பி வர ஆரம்பித்தது. முன்புபோல யாருக்கும் கொடுக்கவில்லை. அப்படியே கொண்டுவந்து வைத்தேன். அம்மா திறந்து பார்ப்பாள், மூடுவாள். சாப்பாட்டு நேரத்தில் மைனி போனில் முகம் காட்டுவாள். சொம்பில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு சாப்பிட்டுப் பார்த்தேன். அவளுக்கோ கால் வீங்கி, உட்கார முடியாமல் இருந்தது. அடுத்த முறை டாக்டரிடம் போனபோது நடந்ததைச் சொன்னேன். திரும்ப வழுக்குவதும் இந்த நோயில் உள்ளதுதான் என்றார். இப்போது யார் உன்கூடச் சாப்பிட முடியும் என்று கேட்டார்.

அன்று மதியம் அம்மா கொப்பரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"அம்மா, நீ என்கூட ஒக்காந்து சாப்பிடுதியா?"

அம்மா சாம்பல் கையோடு நிமிர்ந்தாள். "தரையில ஒக்காந்தா எனக்கு முட்டு பிடிக்கும்."

"ஸ்டூல் போடுதேன்."

கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். அரிசிப்பானையைத் திறந்துகொண்டே, என்னைப் பார்க்காமல், "நாளைக்குப் பொம்பில் கொளம்பு வைக்கட்டா?" என்றாள்.

"அது மைனிக்கு..."

"அவளுக்குக் கருவாட்டு வாடையே ஆவாதுன்னு, பொண்ணு பாக்கப் போனன்னைக்கே அவ அம்மை சொல்லிட்டா."

நான் அம்மாவைப் பார்த்தேன். "தெரிஞ்சுதான் வச்சியா?"

"கேட்டது யாரா இருந்தா என்ன? தட்டு காலியா வந்துச்சுல்லா."

"எங்கிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"பேசப்பிடாதுன்னு டாக்டரம்மா சொன்னாவல்லா," என்றாள் அம்மா.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டேன். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தாள், நான் தரையில் உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. மாட்டுங்காவில் ஒரு வாடிக்கைக்காரர் வீட்டை விற்றுவிட்டுச் சான்பாடாவுக்குப் போகிறாராம் என்று ஆரம்பித்து, அவருடைய மருமகள், மருமகளின் தம்பி, அவன் வாங்கிய பைக் என்று போய்க்கொண்டே இருந்தாள். சோறு தீரும்வரை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா இவ்வளவு பேசுவாள் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

மைனிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவள் திரும்பி வந்தபோது இட்லி வாடை அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. மறுபடி கீழே இறங்கி வேலைக்கு நின்றுவிட்டாள். மதியத்தில் ஸ்டூலுக்குப் பக்கத்தில் அவளும் வந்து உட்காருவாள். அப்பாவும் அண்ணனும் இன்றைக்கும் நின்றபடிதான் தின்கிறார்கள்.

இதெல்லாம் நடந்து சில வருஷங்கள் ஆகின்றன. நவி மும்பையில் வேலை கிடைத்து, கோபர்கைரனேயில் ஒரு தோழியோடு வாடகைக்கு இருக்கிறேன். நோய் முழுசாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். யாராவது என் உடம்பைப் பற்றி நல்லதோ கெட்டதோ சொன்னால் இன்னும் அன்றைய சாப்பாடு கொஞ்சம் கனக்கிறது. அப்போது தோழியிடம் சொல்லிவிடுவேன். அவள் கூட உட்காருவாள். டாக்டரை எப்போதாவதுதான் பார்க்கிறேன். எடை பார்க்கும் இயந்திரத்தை வாங்கவில்லை.

மற்றபடி சாப்பாடு இப்போது பெரும்பாலும் சாப்பாடாகத்தான் இருக்கிறது. இன்று ஞாயிற்றுக்கிழமை. நான்தான் சமைத்தேன். மார்க்கெட்டில் நல்ல புடலங்காய் கிடைத்தது. கூட்டு வைத்தேன், அப்பளம் பொரித்தேன். கூட்டில் உப்பு கூடிவிட்டது. தோழி முகம் சுளித்தாள். தயிர் விட்டுப் பிசைந்து இருவரும் சாப்பிட்டோம்.